நாடில்லாத சுரங்கம்

பரிதி செத்த இடத்துக்கு நாடு கிடையாது. மூன்று வருடம் வக்கீல் வீடுகளிலும் தூதரக வாசல்களிலும் அலைந்து டாக்டர் இளவெயினி கண்ட முடிவு அதுதான்.

பரிதி அவளுடைய தம்பி. சென்னையில் புறப்பட்டு வங்கதேசம், மியான்மர், தாய்லாந்து, மலேசியா என்று கோர்த்துக்கொண்டே போய் சிங்கப்பூரில் நிற்கிற ரயிலில், அக்காவும் தம்பியுமாக அவனுடைய இதய சிகிச்சைக்காகப் போனார்கள். மியான்மரும் தாய்லாந்தும் சந்திக்கிற மலைக்கு அடியில் நீளமான ஒரு சுரங்கம் உண்டு. அதன் நடுவில் கொஞ்ச தூரம் இரண்டு நாட்டுக்கும் பொது. அந்த இடத்தில்தான் அவன் மூச்சு நின்றது. உயிரோடுதான் எங்கள் எல்லையைத் தாண்டினார் என்றது இந்தப் பக்கத்துப் பதிவு. அப்படி ஒருவர் வந்து சேரவே இல்லை என்றது அந்தப் பக்கத்துப் பதிவு. வந்து சேராத ஒருவன் இறந்துவிட்டான் என்று யார் எழுதிக் கொடுப்பது? பாங்காக்கில் உடலைப் பயணியாக இறக்க வழியில்லாமல் ஊழியர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். கடைசியில் சரக்கு என்று பதிந்து இறக்கினார்கள். இறக்கும்போது அவர்களில் ஒருவர் அழுதார். ரயிலின் இணையதளத்தில் பரிதியின் பெயருக்கு நேரே இன்றைக்கும் ‘பயணத்தில் உள்ளார்’ என்றுதான் இருக்கிறது. பொன்மலையில் அவன் மனைவி ஜெசிந்தா, அடக்கமெல்லாம் முடிந்த பிறகும், அரசாங்கத்தைப் பொறுத்தவரை வெளியூர் போன புருஷனுக்காகக் காத்திருக்கிறவள்.

பலவீனமான இதயத்தோடு ஏறுகிறவர்களுக்கு அந்த ரயிலில் ஒரு நெஞ்சுப்பட்டை கட்டுவார்கள். இதயம் தடுமாறும்போது தூக்கிப் பிடிப்பது பட்டையின் வேலை. எப்போது, எவ்வளவு என்று அதற்குச் சொல்லிக்கொண்டே இருப்பது அந்தந்த நாட்டு ரயில்வேயின் பெரிய கணினி. ஜனங்கள் அதை ரயில் மூளை என்பார்கள். தன் மண்ணில் இருக்கிற உடம்பைத் தன் மூளைதான் கவனிக்க வேண்டும் என்று எல்லா நாட்டுச் சட்டமும் சொல்வதால், எல்லைக்கு எல்லை பட்டை கைமாறும். அன்றைக்குச் சுரங்கத்துக்குள் பரிதியின் பட்டையை இந்த மூளை விட்டுவிட்டது, அந்த மூளை வாங்கிக்கொள்ளவில்லை. பட்டையின் சின்னத் திரையில் ‘காத்திருக்கவும்’ என்று வந்தது. எத்தனையோ பேரை மயக்கத்தில் ஆழ்த்திப் பத்திரமாக எழுப்பிவிட்ட மருத்துவர் இளவெயினி. தம்பியின் மார்பை அவளால் அழுத்தக்கூட முடியவில்லை. பட்டை பூட்டிக் கிடந்தது. சுரங்கத்தின் மறுவாயில் வெளிச்சம் விழுந்தபோது பரிதியின் விரல்கள் அவள் துப்பட்டாவைப் பிடித்தபடியே இருந்தன. ஒவ்வொரு விரலாக அவள்தான் விடுவித்தாள்.

விசாரணையில் ஒரு விஷயம் வெளியே வந்தது. எல்லைக் கைமாற்றை நடத்துவது எந்த நாட்டு ரயில்வேயும் அல்ல, கோர்வை என்ற தனியார் நிறுவனம். பிழைக்க மாட்டார் என்று கணக்கு சொல்கிற பயணியை அடுத்த மூளை உடனே வாங்கிக்கொள்ளாதபடி கோர்வை உள்ளே ஒரு விதியை எழுதி வைத்திருந்தது. பொறுத்தேற்பு என்று அதற்குப் பெயர். எங்கள் தடத்தில் சாவே இல்லை என்று ஒவ்வொரு ரயில்வேயும் பெருமைப்பட்டுக்கொண்டதற்குக் காரணம் அந்த விதி. அது இருப்பதே அதுவரைக்கும் ரயில்வேக்களுக்குத் தெரியாது.

அதை எழுதியவன் பெயர் சஞ்சீவன். கோர்வையின் தலைமை வடிவமைப்பாளன், கோயம்புத்தூர்க்காரன். விசாரணைக்கு நேரில் வராமல் திரையில் வந்தான். அந்த நேரத்தில் யாராவது ஒரு மனிதர் குறுக்கிட்டுப் பயணியை ஏற்கச் செய்திருக்க முடியுமா என்று கேட்டார்கள். சஞ்சீவன் சத்தியம் செய்து பதில் சொன்னான்: “மனுசக் கை உள்ள நுழைய வழியே வெக்கலீங்க. வெச்சா, தப்பு நடக்கும்.” சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தான். பரிதியின் பெயரை அவன் ஒரு தடவையும் சொல்லவில்லை. அந்தப் பயணி, அந்தப் பயணி என்றே சொன்னான். மனிதர் யாரும் தடுத்திருக்க முடியாதது விபத்து, அதற்கு யாரும் பொறுப்பில்லை என்று விசாரணை முடிந்தது, விதியும் அப்படியே இருந்தது.

அவன் சொன்னது பொய் என்று இளவெயினிக்குப் பிறகு தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்பதை வக்கீலிடம் மட்டும் சொன்னாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். இதெல்லாம் சாட்சியத்தில் நிற்காது டாக்டர், கண் முன்னால் நடந்தால்தான் உண்டு என்றார்.

அடுத்த வருடம் அவளுக்கே படியேறினால் மூச்சு வாங்கத் தொடங்கியது. தம்பிக்கு இருந்த அதே நோய், அப்பா வழியில் வந்தது. இனி நீண்ட பயணம் என்றால் பட்டை கட்டித்தான் போக வேண்டும் என்று இதய மருத்துவர் சொன்னபோது கூட வந்திருந்த ஜெசிந்தா அழுதாள். இளவெயினிக்கு அழுகை வரவில்லை. ரொம்ப நாளாகத் தேடின சாவி கையில் வந்து விழுந்த மாதிரி இருந்தது.

ரயில் பாதைக்காகச் சிங்கப்பூரில் சஞ்சீவனுக்கு விருது கொடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. படிப்பு முடித்த மகளைக் கூட்டிக்கொண்டு, தான் கோர்த்த பாதையிலேயே கடைசி வரை போகப்போவதாக அவன் பேட்டி கொடுத்திருந்தான். பட்டை கட்டுகிறவர்களுக்கும் கோர்வைக்காரர்களுக்கும் ஒரே பெட்டிதான். இளவெயினி அதே ரயிலில், அதே அறையில் இடம் பிடித்தாள்.

அவளுடைய திட்டம் இவ்வளவுதான். அவனுக்கு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு போவது. அந்தச் சுரங்கத்தில் தன் இதயத்தைத் தானே தாழ்த்திக்கொள்வது. எந்த மருந்து எவ்வளவு நேரத்தில் எவ்வளவு கீழே இறக்கும் என்பது அவளுடைய தொழில். பட்டை ‘காத்திருக்கவும்’ என்று சொல்லும். அதற்குப் பிறகு ஒன்று, இல்லவே இல்லை என்று அவன் சத்தியம் செய்த அந்தக் கை வெளியே வர வேண்டும், இல்லாவிட்டால் அவளும் பரிதி போன இடத்துக்கே போக வேண்டும். இரண்டுக்கும் அவள் தயாராக இருந்தாள்.

சென்னையில் ஏறியதும் சஞ்சீவன் அவளுடைய பையை வாங்கி மேலே வைத்தான். அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. திரையில் பேசியவனுக்கு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவளை எப்படித் தெரியும்? நல்ல மனிதனைப் போலத்தான் இருந்தான். காலை ஒட்டி உட்காராமல் தள்ளி உட்கார்ந்தான். மகள் தூங்கினால் விளக்கைக் குறைத்தான். அது இளவெயினிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்டவனாக நடந்துகொண்டால் வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

மகள் பெயர் நறுமுகை. பிசியோதெரபி படித்தவள், வாய் ஓயாமல் பேசுகிறவள். முதல் நாளே மேடம் என்பது ஆன்ட்டி ஆகிவிட்டது. பட்டையின் வார் தோளில் உரசிச் சிவந்திருப்பதைப் பார்த்து, தன் பருத்தித் துண்டைக் கிழித்து மடித்து அடியில் வைத்துக் கட்டிவிட்டாள். ஒடிசாவின் ஏரிக்கரையோரம் ரயில் போகும்போது இளவெயினி பட்டையைத் தொட்டுக் காட்டி, எல்லையில் இது எப்படி மாறும் என்று ஒன்றும் தெரியாதவள் போல சஞ்சீவனைக் கேட்டாள்.

அவனுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். “ஒரு கொழந்தைய இந்த இடுப்புல இருந்து அந்த இடுப்புக்கு மாத்தறமில்லீங்களா, அந்த மாதிரிதானுங்க.”

“ரெண்டு இடுப்புக்கும் நடுவுல கொழந்தை யார்கிட்ட இருக்கும்?”

சஞ்சீவன் சிரித்தான். “நல்லா கேட்டீங்க. அந்த நேரம் ரொம்பக் கம்மிங்க டாக்டரம்மா. கேள்வியே வராது.”

“வாங்குற இடுப்புக்கு மனசில்லைன்னா?”

அவன் பதில் சொல்வதற்குள் டீக்காரர் வந்துவிட்டார். மூன்று பேருக்கும் அவன்தான் டீ வாங்கிக் கொடுத்தான்.

இந்திய மூளைக்கு விசாரிப்பு அதிகம். வலி இருக்கிறதா, சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று மூன்று மொழியில் கேட்கும். பதில் சொல்லாவிட்டால் ஆளை அனுப்பும். எல்லை தாண்டி வங்கதேசத்துக்குள் நுழைந்ததும் அந்தக் குரல் நின்று வேறொரு பெண் குரல் மெதுவாகப் பேசியது. அது இளவெயினியை ஆபா என்று கூப்பிட்டது. அக்கா என்று அர்த்தம் என நறுமுகை தேடிப் பார்த்துச் சொன்னாள். இளவெயினி எழுந்து முகம் கழுவுகிற இடத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். பத்மா ஆற்றுப் பாலத்தில் ரயில் ஏறியபோது கடுகெண்ணெயில் பொரித்த இலிஷ் மீனும் சோறும் வந்தன. முள்ளெடுக்கத் தெரியாமல் நறுமுகை திண்டாட, இளவெயினி அவளுக்கு மீனை உதிர்த்துக் கொடுத்தாள். செய்துகொண்டிருக்கும்போதே, இதைத் தான் நடிப்பாகச் செய்யவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

சிட்டகாங் தாண்டிக் கடலோரமாகப் போகிற பாதையில், ரயில் பயம் உண்டா என்று இளவெயினி பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். சஞ்சீவன் அப்போது உணவுப் பெட்டிக்குப் போயிருந்தான். நறுமுகை தனக்குப் பயமே கிடையாது என்றாள். சின்ன வயதில் நிமோனியா வந்து நுரையீரல் கெட்டு, இதே மாதிரி ஒரு பட்டையோடு இந்த ரயிலில் அவளைக் கொண்டுபோனார்களாம். சுரங்கத்துக்குள் பட்டை நின்றுவிட்டது. அப்பா எழுந்து கதவோரம் இருக்கிற பலகையில் உள்ளங்கையை வைத்தார், உடனே மூச்சு வந்தது என்றாள்.

“அந்தக் கை இருக்கற வரைக்கும் எனக்கு எந்த ரயில்லயும் பயம் இல்ல ஆன்ட்டி.”

அதைச் சொல்லும்போது அவள் முகம் அவ்வளவு வெளிச்சமாக இருந்தது. இளவெயினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மியான்மரின் மூளை அதிகம் பேசாது. ஏதாவது சொல்ல வேண்டுமானால் சின்ன மணி ஒன்றை அடிக்கும், அவ்வளவுதான். யாங்கூனில் நின்றபோது சஞ்சீவன் இறங்கிப்போய் மகளுக்குப் பட்டுத்துணி வாங்கி வந்தான், இளவெயினிக்கும் ஒன்று வாங்கியிருந்தான். அவள் மறுக்காமல் வாங்கிப் பையில் வைத்தாள். மவுலமைன் நிலையத்தில் நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒரு மனிதர் தமிழில் கூவி அத்தோ நூடுல்ஸ் விற்றார். அவருடைய தமிழ் கொஞ்சம் இழுத்து இழுத்து வந்தது. எங்க போறீங்க தாயி என்று இளவெயினியைக் கேட்டார். சிங்கப்பூர் என்று அவள் சொன்ன பதில் அவளுக்கே விசித்திரமாக இருந்தது. அங்கே போகிற எண்ணம் அவளுக்கு இல்லை.

அந்த நிலையத்தில் புதிய பணிப்பெண் ஏறினாள், தீடா என்று பெயர். வட்ட முகமும் கன்னத்தில் அந்த ஊர்ப் பெண்கள் பூசுகிற தனக்கா மரப்பட்டைப் பூச்சுமாக இருந்தாள். இளவெயினியின் பட்டையைச் சரிபார்த்துவிட்டு, அவள் கையைத் தட்டிக்கொடுத்துப் போனாள்.

அங்கிருந்து ரயில் மலையைப் பார்த்துத் திரும்பும். இரண்டாம் உலகப்போரில் ஜப்பான்காரன் போட்ட சயாம் மரண ரயில் பாதை இதை ஒட்டித்தான் போனது. பாதையோரம் நின்ற ஒரு கல்லைப் பார்த்து நறுமுகை அது என்னவென்று கேட்டாள். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை வண்டி வண்டியாக இங்கே கொண்டுவந்தார்கள், ஆயிரக்கணக்கில் செத்தார்கள், யார் எங்கே செத்தார் என்றுகூட யாரும் எழுதி வைக்கவில்லை என்று இளவெயினி சொன்னாள். நறுமுகை அந்தக் கல் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பெரிய வேலைன்னா அப்படித்தானுங்க,” என்றான் சஞ்சீவன், வேறெதையோ படித்துக்கொண்டே. “கொஞ்சம் போகத்தான் செய்யும்.”

அதுவரைக்கும் இளவெயினிக்குள் எங்கோ ஒரு மூலையில் சின்னத் தயக்கம் இருந்தது. இறங்கிப் போய்விடலாமா, இந்தப் பெண்ணை விட்டுவிடலாமா என்று மீன் உதிர்த்துக் கொடுத்த நாளிலிருந்து அது உறுத்திக்கொண்டிருந்தது. அந்த வார்த்தையைக் கேட்டதும் அது அடங்கிவிட்டது. தீடா கொண்டுவந்த பச்சைத் தேநீரில் ஒரு வாய் குடித்தாள். கைக்குட்டைக்குள் வைத்திருந்த மாத்திரையை வாயில் போட்டு இன்னொரு வாய் குடித்தாள். பிறகு நறுமுகையைப் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னாள்.

நல்ல வெயில். மூங்கில் காடுகள் இரண்டு பக்கமும் பச்சையாக ஓடின. பெட்டியில் யாரோ ஒரு மலாய்க் குடும்பம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது. மலை நெருங்கி வந்து ரயிலை விழுங்கியது.

இருட்டில் மணி ஒருமுறை அடித்தது. மியான்மர் விடைபெற்றுவிட்டது.

முதலில் விரல்நுனிகள் குளிர்ந்தன. காதுக்குள் பஞ்சு அடைத்த மாதிரி சத்தங்கள் தூரம் போயின. பட்டை ஒரு துடிப்பு துடித்தது, பிறகு சும்மா இருந்தது. சின்னத் திரையில் அந்த எழுத்துகள் வந்தன. காத்திருக்கவும். பரிதி கடைசியாகப் பார்த்தது இதைத்தான் என்று நினைத்தாள். மருந்து தான் கணக்குப் போட்டதைவிட வேகமாக இறங்குவது தெரிந்தது. பயம் வந்தது. அவள் எதிர்பார்க்காத பயம், உடம்பின் பயம். அப்போதும் அவள் கண்கள் சஞ்சீவனைத் தேடவில்லை. நறுமுகையின் முகத்திலேயே நின்றன.

“அப்பா, ஆன்ட்டிக்கு என்னமோ ஆகுது.”

சஞ்சீவன் எழுந்து வந்து குனிந்து திரையைப் பார்த்தான். அந்த ஒரு வார்த்தையை எழுதியவனுக்கு அது என்னவென்று விளங்காமலா போகும்? அவன் முகம் வெளுத்தது. தீடா ஓடி வந்தாள். பட்டையைக் கழற்றப் பார்த்தாள், முடியவில்லை. அவளுக்குத் தெரிந்த எல்லாப் பொத்தான்களையும் அழுத்தினாள். மலாய்க் குடும்பம் எழுந்து வந்து வழியில் நின்றது.

“சித்தெ பொறு கண்ணு,” என்றான் சஞ்சீவன். “சொரங்கம் தாண்டுனா தானா வாங்கிக்கும்.”

“அதுவரைக்கும் தாங்க மாட்டாங்கப்பா. நாடி கெடைக்கவே இல்ல. கையை வைங்க.”

“அந்தக் கையெல்லாம் இப்ப இல்ல கண்ணு. அது பழசு. எடுத்தாச்சு.”

“எடுத்திருந்தா பரவால்ல. வச்சுப் பாத்துட்டு இல்லைன்னு சொல்லுங்க.”

சஞ்சீவன் கையைக் கட்டிக்கொண்டான். இரண்டு உள்ளங்கைகளையும் அக்குளில் இறுக்கி வைத்துக்கொண்டு நின்றான். குளிரில் நிற்கிறவனைப் போல இருந்தது. இளவெயினிக்குக் கண் மங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் அதைப் பார்த்தாள். அந்தப் பெண் அதைப் பார்ப்பதையும் பார்த்தாள். இல்லாத ஒன்றுக்காக யாரும் கையை ஒளித்து வைக்க மாட்டார்கள். அது நறுமுகைக்குப் புரிந்த நொடியில் அவள் முகத்திலிருந்து என்னமோ ஒன்று இறங்கிப் போனது. அதற்குப் பிறகு அவள் கெஞ்சவில்லை.

அப்பாவின் வலது மணிக்கட்டை இரண்டு கையாலும் பற்றினாள். நோயாளிகளின் விறைத்த மூட்டை மடக்கி நீட்டப் பழகியவள். நெம்பி வெளியே இழுத்தாள். அவன் கனமான ஆள்; தள்ளியிருக்கலாம். இத்தனை பேர் பார்க்க மகளோடு மல்லுக்கு நிற்க அவனால் முடியவில்லை. அவள் அந்தக் கையைக் கொண்டுபோய்க் கதவோரப் பலகையில் அழுத்தினாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுத்தினாள்.

பலகை பச்சையானது. தாய்லாந்து மூளை, சந்நிதியில் பேசுகிற மாதிரி பணிவான குரலில், முதலில் தன் மொழியிலும் பிறகு ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலும் சொன்னது. பயணி ஏற்கப்பட்டார். கைச்சான்று அளித்தவர் சஞ்சீவன், தலைமை வடிவமைப்பாளர், கோர்வை.

பட்டை இளவெயினியின் நெஞ்சைக் குத்தித் தூக்கியது. அவள் மூச்சை இழுத்தாள். சுரங்கத்தின் மறுவாயில் வெளிச்சம் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது.

காஞ்சனபுரி ஆஸ்பத்திரியில் அவள் கண் விழித்தபோது எல்லாம் நடந்து முடிந்திருந்தது. மலாய்க் குடும்பத்துப் பெண் எடுத்த படம் எல்லா நாட்டிலும் ஓடிக்கொண்டிருந்தது. மனிதக் கை நுழைய வழியே இல்லை என்று சத்தியம் செய்தவனுடைய கையை, அவன் கோர்த்த மூளையே பெயர் சொல்லி ஊருக்குக் காட்டிக்கொடுத்துவிட்டது. பாங்காக்கில் சஞ்சீவனை இறக்கி விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். பொறுத்தேற்பு விதியை ரயில்வேக்கள் ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டிருந்தன. சுரங்கத்தில் ‘வந்து சேராமல்’ போனவர்கள் பரிதியோடு நிற்கவில்லை என்பதும், அவர்களுடைய குடும்பங்கள் நாலைந்து நாடுகளில் தனித்தனியாக அலைந்துகொண்டிருந்தன என்பதும் வெளியே வந்தன. ஜெசிந்தா போனில் பேசினாள். பரிதியின் சாவை எந்த நாடு எழுதிக்கொள்வது என்று இரண்டு நாட்டு அதிகாரிகளும் இப்போது தாங்களாகவே பேச முன்வந்திருக்கிறார்களாம். சொல்லிவிட்டு ரொம்ப நேரம் அழுதாள். நீங்க செத்துப் போயிருந்தா நான் யார்கிட்ட போய் நிப்பேன் அண்ணி என்று கேட்டாள்.

சந்தோஷம் வரும் என்று இளவெயினி காத்திருந்தாள். வந்தது. சஞ்சீவனின் தலை குனிந்த படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் நெஞ்சுக்குள் இனிப்பாக ஒன்று இறங்கியது. அவள் அதை மறைக்கவில்லை, வெட்கப்படவும் இல்லை.

நறுமுகை ஒரு பிற்பகலில் வந்தாள். ரயிலில் விட்டுப்போன பையைக் கொண்டுவந்திருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. ரத்தப் பரிசோதனையில் மருந்து தெரிந்தது, டாக்டர்கள் சொன்னார்கள் என்றாள்.

“அப்பா கையை வைப்பார்னு நம்பித்தான் செஞ்சீங்களா?”

“இல்லை.”

“அப்ப?”

இளவெயினி பொய் சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணுக்கு அது ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். “உங்க காலேஜ் விழாவுல நீ பேசின வீடியோ எங்கிட்ட இருக்கு. என் அப்பாவோட கைன்னு ஒரு பேச்சு. அதுல நீ சொரங்கத்துல நடந்ததைச் சொன்ன. அதை வச்சுத்தான் எனக்குக் கை இருக்கறதே தெரியும். அவர் வைக்க மாட்டார்னு தெரியும். நீ வைக்க வைப்பேன்னு தெரியும்.”

“அப்படின்னா என்னைத்தான் குறி வச்சீங்க.”

“ஆமா. எனக்குத் தம்பி போன மாதிரி அவருக்கும் ஒண்ணு போகணும்னு நெனச்சேன்.”

நறுமுகை அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்தவளைப் போல இருந்தாள். “எங்கப்பா உங்க தம்பி மூஞ்சியப் பாக்காமலே சாக விட்டுட்டார், டாக்டர். நீங்க எனக்கு மீனு உதுத்துக் குடுத்துட்டு செஞ்சீங்க.”

வெளியே சக்கரக் கட்டிலில் யாரையோ தள்ளிக்கொண்டு போனார்கள். கோர்ட்டில் சாட்சி சொல்வாயா என்று இளவெயினி கேட்டாள். கேட்டபோது தன் குரல் எவ்வளவு தாழ்ந்திருந்தது என்பது அவளுக்கே தெரிந்தது.

“சொல்லுவேன். ரெண்டு பேரைப் பத்தியும் சொல்லுவேன்.”

பையைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டு, நறுமுகை கதவு வரைக்கும் போனாள். அங்கே நின்றாள்.

“உங்க தம்பி எப்படி இருப்பார்? அப்பா வக்கீல்கிட்ட பேசும்போதுகூட அந்தப் பயணின்னுதான் சொல்றார். சிரிப்பாரா, கோபப்படுவாரா, எப்படி?”

இளவெயினி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. சுரங்கம் வந்தது, நீலம் பாரித்த உதடு வந்தது, துப்பட்டாவைப் பிடித்த விரல்கள் வந்தன, திரையில் அந்த வார்த்தை வந்தது. அதற்கு முன்னால் நாற்பது வயது வரைக்கும் உயிரோடு இருந்த ஒருவனை அவள் தேடினாள். மூன்று வருடமாக அவனுடைய சாவை மட்டுமே ராவும் பகலும் தூக்கிக்கொண்டு திரிந்ததில் அவனை எங்கோ வைத்துவிட்டாள். நறுமுகை காத்திருந்தாள். நெடுநேரம், மரியாதையாகக் காத்திருந்தாள். பிறகு தலையை அசைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் போன பிறகு, செவிலி வந்து மருந்து கொடுத்துவிட்டு விளக்கைப் போட்டுவிட்டுப் போன பிறகு, அது வந்தது. பொன்மலை ரயில்வே பணிமனைச் சங்கைப் போலவே பரிதி ஊளையிடுவான். பள்ளிக்கூடத்துப் பையன், குவார்ட்டர்ஸ் மொட்டைமாடியில் நின்றுகொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்படி ஊதினான். எதிர்வீட்டு பிலோமின்ராஜ் பாதி முகம் சவரத்தோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்கு ஓடினார். பரிதி மாடியில் உருண்டு உருண்டு சிரித்தான். சிரித்து மூச்சு வாங்கி, அக்கா என்னைப் பிடி, விழுந்துருவேன் என்றான். அவள் பிடித்துக்கொண்டாள்.

இளவெயினி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது. கதவைப் பார்த்தாள். அது சாத்தியிருந்தது.